அன்னக்கிளியை அழைக்கப் போன வேன்

முதலியார்பேட்டைக் குஞ்சம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் அன்னக்கிளி, இளையவன் கோவிந்தராசு. அன்னக்கிளி சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, தொண்ணூற்று மூன்றில் பிரான்சுக்குப் போனாள். அன்று கோவிந்தராசுக்குத் துணி மில்லில் பகல் ஷிப்டு. லீவு கேட்டான், கிடைக்கவில்லை. அக்கா ஏறிப்போன காரைக்கூட அவன் பார்க்கவில்லை. அந்தக் குறை நெஞ்சில் தங்கிவிட்டது.

அப்புறம் மில் வேலையும் போனது. பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து நான்கில் அக்கா போன் செய்தாள். விஜயதசமி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறாளாம். "யாரையும் அனுப்பாதடா, நீயே வா" என்றாள்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மில்லில் அந்த நாள் எப்படி இருக்கும் தெரியுமா? வருஷமெல்லாம் இரைகிற மிஷின்கள் அன்றைக்குத்தான் ஓய்ந்து நிற்கும். கழற்ற முடிந்த சாமானையெல்லாம் கழற்றித் துடைத்து, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பெண்டு பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். பொரி தின்றுகொண்டே, "இது எங்கப்பா மிஷினு" என்று தொட்டுப் பார்க்கும் பிள்ளைகள். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? கோவிந்தராசு வேனிலும் கைக்கு வந்ததையெல்லாம் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து மாட்டினான். பூஜை போட்ட வண்டியை அன்று எடுக்கக் கூடாதென்று அப்படியே நிறுத்திவிட்டான்.

மறுநாள் காலையில் கிளப்பினால் வண்டி இருமுகிறது, திணறுகிறது, கரும்புகையாய்க் கக்குகிறது. மணி பத்தாகிவிட்டது. அவன் பெண்டாட்டி செல்வாம்பாள் நெல்லித்தோப்பில் ஷெட் வைத்திருந்த தன் தம்பி மண்ணாங்கட்டிக்குப் போன் போட்டாள். அவனும் அதே மில்லில் இருந்துவிட்டு மெக்கானிக் ஆனவன்தான். புகையைக் கையால் விசிறிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"இன்னா மாமா, தெருவுக்கே கொசு மருந்து அடிக்கிறியா?"

"வாய மூட்றா. பன்னண்டுக்குள்ள கெளம்பலன்னா அக்கா அங்க தனியா நிப்பா."

"வாடகைக் காரு சொல்லட்டுமா?"

"வேணாம்டா. அன்னிக்கும் வாடகைக் காருலதான் போனா. இன்னிக்கு என் வண்டியிலதான் கூட்டியாரணும்."

மண்ணாங்கட்டி ஸ்பேனரை எடுத்தான். பிளக்கைக் கழற்றினான். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் தேவைக்கு மேல் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயின்மேல் இருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்புச் சாமானைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோனான்.

"யக்கா, இங்க வந்து பாரு! ஒம் புருசன் சென்சார் வாயிலயே பொட்டு வச்சிருக்காரு."

"அது இன்னாடா சாமானு?" என்றான் கோவிந்தராசு.

"மில்லுல அறுந்த நூல உறிஞ்சுமே ஒரு குழா, அந்த மாதிரி இன்ஜினும் காத்த உறிஞ்சுது மாமா. சும்மா ஓடுறப்ப இந்தக் குழாவுக்குள்ள அழுத்தம் கம்மியா இருக்கும். ஆக்சிலேட்டர மிதிச்சா காத்து நெறைய வரும், அழுத்தம் ஏறும். அது எவ்ளோன்னு இந்தச் சின்ன ஓட்டை வழியா பாத்து, கம்ப்யூட்டருக்குக் கரண்டுல சொல்றது இதோட வேல. அதுக்குத் தக்கன பெட்ரோல் எறங்கும். நீ ஓட்டைய அடச்சிட்ட. வெளிக்காத்து அழுத்தமே உள்ளயும் இருக்குதுன்னு சொல்லிக்கினே கீது. நீ எதோ மல ஏறுறன்னு நெனச்சி அது பெட்ரோலக் கொட்டுது."

கோவிந்தராசு சட்டென்று செல்வாம்பாளின் கொண்டை ஊசியை உருவினான். மண்ணாங்கட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"குத்திடாத! உள்ள மெல்லிசா ஒரு சவ்வு மாரி கீது. கிழிஞ்சா போச்சு. இங்க கெடைக்காது, மெட்ராசுக்குத்தான் ஆள் அனுப்பணும்."

பிறகு விளக்குத் திரியை நனைத்துப் பிழிந்து, ஓட்டையைக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து எடுத்தான். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கோவிந்தராசு தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தான். சாமானைத் துடைத்து உலரவைத்து, பிளக்கையும் சுரண்டி மாட்டினார்கள். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. புகையும் இல்லை. மணி பன்னிரண்டே கால்.

மீனம்பாக்கத்தில் அவன் போய் நின்றபோது நாலரை. அன்னக்கிளி வெளியே வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா, தலையெல்லாம் இப்டி நரச்சிப் போச்சே!" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து எழுப்பினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவள் முன் சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். மாமல்லபுரம் வரைக்கும் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினார்கள். மரக்காணம் வரைக்கும் யார் யாருக்கு என்ன பிள்ளை பிறந்தது என்று பேசினார்கள். கோட்டக்குப்பம் தாண்டியும் பேச்சு தீரவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், கோவிந்தராசு வண்டியைக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று விட்டான்.