இடைவேளையிலும் ஆங்கிலம்

ஆங்கிலம் கற்பிக்க ஒஸ்லோ வந்த எனக்கு அங்கே யாரையும் தெரியாது. வகுப்பில் சுகந்தி ஒருவர்தான் தமிழர், யாழ்ப்பாணத்துக்காரர். ஆனால் ஆங்கிலம் தவிர வேறு பேசக்கூடாது என்று முதல் நாளே எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் இடைவேளையில்கூட அதை மீறவில்லை. காபிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று பனியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவோம். பிறகு நான் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன்.

கடைசி வகுப்பு முடிந்ததும் சுகந்தி கோட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வகுப்பு முடிஞ்சுதுதானே, ரீச்சர். இனித் தமிழிலை கதைக்கலாமோ?"

அதற்காகத்தான் குளிர்காலம் முழுக்க ஏங்கியிருந்தேன். ஆனாலும் வாயில் வந்தது, "யெஸ், ஆஃப் கோர்ஸ்."

அவர் சிரித்தார். "ஓம் எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வீட்டுக்கு வாங்கோ, சாப்பிடுவம்."

"ஓம்" என்றேன்.

எங்கள் திருச்சியில் 'ஆமா' என்போம். ஒஸ்லோவில் ஒரு முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் தமிழ் அந்த 'ஓம்'தான்.