கயிற்றுப் பாலத்துக்குக் கீழே

"…அதான் தம்பி, ரெண்டே ரெண்டு விஷயம். மேல கீறவன கீழருந்து பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது. திரும்பிப் பாத்தான்னா கால வுட்டுருவான். அவனுக்கு நேர் கீழ எவனும் நிக்கக் கூடாது. எங்க வேலையில இதான் சட்டம்."

அப்பா இதைச் சொன்னது கப்பலில் அல்ல. செங்குன்றம் தாண்டி ஒரு திடலில், மஞ்சள் தலைக்கவசம் போட்ட பயிற்சிக்கார அண்ணனிடம், எங்கள் எட்டாம் வகுப்பு மொத்தமும் வரிசையில் நிற்கும்போது. சொல்லிக்கொண்டே என் இடுப்புப் பட்டையின் கொக்கியை மூன்றாவது தடவையாக இழுத்துப் பார்த்தார்.

அண்ணன் சிரித்தார். "சார், இந்தக் கயிறு யானையையே தாங்கும். இங்க பேர் சொல்லிக் கத்துனாதான் சார் ஜாலி."

வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இத்தனைக்கும் அவரை அழைத்து வந்ததே நான்தான். துறைமுகத்தில் அவருக்கு லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களின் மேலே ஏறி, இரும்புக் கம்பிகளால் கட்டுவதும் அவிழ்ப்பதும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது கிளம்பிக்கொண்டிருப்பார். என் அப்பாவை நான் பாதி நாள் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்கியபோதும் சரி, பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்துபோய் விழித்தபோதும் சரி, எதிரே உட்கார்ந்திருந்தது அம்மா மட்டும்தான்.

ஒரு தடவையாவது நான் செய்வதை அவர் பார்க்க வேண்டும். பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி என் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டில் நான் வெறும் பாப்பா. என் பெயர் அவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அதனால்தான், கயிற்றுப் பாலப் பயிற்சிக்குப் பெற்றோரில் ஒருவர் துணைக்கு வரலாம் என்று பள்ளியில் சீட்டு கொடுத்ததும் அதை அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

"கப்பல் வந்துச்சின்னா?" என்று இழுத்தார்.

"வந்தா நிக்கட்டும்," என்றாள் அம்மா. "உன்னியக் கேட்டா வந்துச்சி? ஒரு நாள் புள்ளைக்கோசரம் போனா இன்னா கொறஞ்சிடுவ?"

இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மணலி சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, எங்கள் பேருந்தும் மாட்டிக்கொண்டது. அப்பா ஜன்னல் வழியே விரலை நீட்டி, "அந்த நீலப் பொட்டி கீது பாரு, முந்தாநேத்து நான் அவுத்தது," என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்துப் பெஞ்சுத் தோழி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அந்த ஒரு மணி நேரம் நான் மகாராணி.

திடலில் இரண்டு மாடி உயரத்துக்குக் கம்பங்கள். கம்பத்துக்குக் கம்பம் கயிற்றுப் பாலம், காலை வைக்க ஆடுகிற கட்டைகள். என் முறை வந்தபோது உச்சி வெயில். ஆறு கட்டைகளைத் தாண்டிவிட்டேன். ஏழாவது, கால் வைத்ததும் அரை வட்டம் சுழன்றது.

எங்கள் பக்கத்தில் பயந்துவிட்டான் என்று சொல்ல மாட்டார்கள். ஆஃப் ஆயிட்டான் என்பார்கள். நான் ஆஃப் ஆகிவிட்டேன். கை கயிற்றை விடவில்லை, கால் நகரவில்லை. கீழே வகுப்பே என் பெயரைக் கூவியது. "வாடி! வந்துடுடி!" டீச்சர் கூப்பிட்டார். அண்ணன் கூப்பிட்டார். துணைக்கு வந்திருந்த யாரோ ஓர் அம்மாகூடக் கூப்பிட்டார். அத்தனை குரலுக்கும் நடுவில் நான் ஒரே ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். அது மட்டும் வரவில்லை.

கண்ணை மட்டும் கீழே இறக்கினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தரையையே பார்த்தபடி, சாவியைத் தொலைத்தவர்போல மெல்ல நடந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

மீதிப் பாலத்தை நான் தைரியத்தில் கடக்கவில்லை. கோபத்தில் கடந்தேன்.

இறங்கியதும் தோழி ஓடி வந்தாள். "உங்க நைனா இன்னாடி தேடினு இருந்தாரு?"

அப்பா வந்து கொக்கியை அவிழ்த்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு நின்றார். அதைக்கூடப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

"ஏம்ப்பா நீ மட்டும் கூப்புடல?"

"அதான் சொன்னனே, பாப்பா."

"அது கப்பல்ல. இங்க எல்லாரும்தான் கூப்ட்டாங்க."

அப்பா, ஏற்கெனவே அவிழ்ந்திருந்த பட்டையை மறுபடி அவிழ்ப்பதில் மும்முரமானார்.

திரும்பும்போது நான் தோழியோடு உட்கார்ந்துகொண்டேன். அப்பா இரண்டு வரிசை முன்னால், தனியாக. மணலி சாலையில் அதே டிரெய்லர்கள். காட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்தது மறுபடியும் அந்த முதுகுதான்.

அடுத்த வருடம் சீட்டு கொடுத்தபோது நான் வீட்டில் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பா போய் நாலு வருடமாகிறது. மருத்துவமனைக் கட்டிலில், கடைசி நாள்வரை, நான் பாப்பாதான்.

என் பெயரை அவர் வாயால் கேட்கத்தான் இன்றைக்கும் மனசுக்குள் அந்தப் பாலத்தில் ஏறி நிற்கிறேன். ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். இத்தனை தடவை நின்ற பிறகுதான், கீழே நடந்ததைச் சரியாகப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அண்ணனிடம் அப்பா சொன்ன சட்டம் இரண்டு. ஒன்றை அவர் காப்பாற்றியதற்காகக் கோபித்துக்கொண்ட எனக்கு, இன்னொன்றை அவர் மீறியது அன்றைக்குப் புரியவே இல்லை.

உச்சி வெயிலில் என் நிழல் எனக்கு நேர் கீழே தரையில் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். இரண்டு கைகளையும் லேசாக முன்னால் விரித்துக்கொண்டு, அந்த நிழலின் மேல் வந்து நின்றார். நான் ஓரடி வைத்தேன். அவரும் ஓரடி வைத்தார்.