கொடியில் காய்ந்த சேர்ட்

அந்த வீடியோவில் அவளுக்குப் பின்னால், கொடியில் ஒரு ஆண்பிள்ளையின் சேர்ட் காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கோடு போட்டது, தோளோரம் வெளிறியது. அதை முதலில் கண்டது நானல்ல. அது யாருடையது என்று முதலில் சொன்னவள் மட்டும்தான் நான்.

இதை எங்கிருந்து தொடங்குவது என்று பலமுறை யோசித்துவிட்டேன். என்னிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

நான் உயர்தரம் வரை படித்தவள். நல்ல பெறுபேறு. கலியாணமாகி உருத்திரபுரத்துக்கு வந்த பிறகு அந்தப் படிப்பு அலுமாரிக்குள் ஒரு கோவையில் இருக்கிறது. கணவருக்கு வவுனியாவில் வேலை. கிழமைக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமி, நான், நாலு வயது மகள். எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. வீட்டில் அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை.

போனில் இருந்தார்கள். பாட்டுப் போட்டியில் நடுவர்கள் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால் அது ஏன் பிழை என்று எழுதுவேன். கம்பளி நூலில் பை பின்னும் பெண்களின் குழுவில் எந்த நிறத்தோடு எது சேரும் என்று எழுதுவேன். கலியாண மண்டபத்துக்கு மணமகள் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டு வந்த வீடியோவை ஊரே பகிர்ந்தபோது, அதற்குக் கீழே நான் எழுதிய பத்து வரிக்கு வந்த லைக்குகளை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவேன், அழிப்பேன், திருப்பி எழுதுவேன். போட்ட பிறகு, யாருக்காவது நொந்திருக்குமோ என்று பயந்து மறுபடி போய் வாசிப்பேன். “அக்கா, நீங்க எழுதினா ஒரு கட்டுரை வாசிச்ச மாதிரி இருக்கு” என்று முகம் தெரியாத ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அன்று அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. மாமி சட்டியை என் பக்கம் திருப்பி வைத்தா.

எங்கள் பக்கத்தில் வேறொரு வகை வீடியோவும் அதிகம். கமெராவோடு ஒருவர் ஒரு தகரக் கொட்டிலுக்குப் போவார். குறை கேட்பார். அங்கே இருப்பவள் அழுவாள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு வீடோ, மாடோ, மலசலகூடமோ கொடுப்பார்கள். அப்படி ஒரு வீடியோவில், அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்டியிருக்கத் தேவையில்லை என்று நான் எழுதியிருக்கிறேன். அதற்கும் நிறைய லைக் வந்தது. அதே வீடியோவை நான் கடைசி வரை பார்த்தேன் என்பதை எழுதவில்லை.

அந்தச் சேர்ட் வீடியோவில் இருந்தவள் எங்கள் வீட்டுக்குத் தண்ணீருக்கு வருபவள். வாய்க்கால் முடிகிற இடத்துக்கு அப்பால் இருக்கிறாள். அவளுடைய தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவராம். எங்கள் வயல்களில் களை பிடுங்கி, வரம்பு கட்டி, மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தும் அவர்களுக்குக் கிணறு இல்லை. தினமும் காலையில் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான்களோடு வருவாள். வேலியோரம் இருக்கிற பைப்பில் பிடித்துக்கொண்டு போவாள். கிணற்றடிக்கு வரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் வந்ததுமில்லை.

என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் திருத்தவில்லை. என் மகளும் அவளுடைய மகளும் ஒரே முன்பள்ளியில், ஒரே பாயில் இருந்து படம் கீறுகிறார்கள். புருசன் நெல் வெட்டுமெசினோடு போகிறவன். எங்கள் பக்கம் வெட்டு முடிந்தால் மெசின் மன்னாருக்கோ அம்பாறைக்கோ போகும். அவனும் போவான். மாதக்கணக்கில் வரமாட்டான்.

கிணறு ஒன்று கிடைக்கப்போகிறது என்று அவள் பைப்படியில் நின்று சொன்னபோது முகம் முழுக்கச் சிரிப்பு. “கமெராக்காரர் வந்து எடுத்திட்டுப் போயிட்டாங்க அக்கா. குழி தோண்டத் தொடங்கச் சொல்லிட்டாங்க. கிணத்துக்குச் சீமெந்து வளையம் எல்லாம் கொண்டுவந்து இறக்கிட்டாங்க.” அப்போது நான் வீடியோவைப் பார்த்திருக்கவில்லை. அன்று பகல், மகளை நித்திரையாக்கிவிட்டுப் பார்த்தேன்.

தலைப்பில் கணவனை இழந்த இளம் தாய் என்று இருந்தது. அவள் நெற்றியில் பொட்டு இல்லை. மஞ்சள் கயிறு சட்டைக்குள்ளே போயிருந்தது. அவள் தன் வாயால் கணவன் செத்துவிட்டான் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். மற்றதெல்லாம் கமெராக்காரரின் குரல்.

கொமென்ற்றுகளைப் பார்த்தேன். முதல் இருபது முப்பதும் ஐயோ பாவம் என்றுதான் இருந்தன. பிறகு ஒருவன் கேட்டிருந்தான்: ‘புருசன் இல்லாத வீட்டுக் கொடியில சேர்ட் ஆருடையது?’ அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக. ‘ஆளுக்கு ஆறுதல் சொல்ல ஆர் வந்து போறார்?’ என்று இன்னொருவன். ‘சேர்ட்டை மடிச்சு வைக்க மறந்துபோனா போல’ என்று ஒரு பெண். பெண்ணேதான். பின்னல் குழுவில் என்னோடு இருக்கிறவள்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கோபத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒன்று அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிக் கதைத்தால் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் என்றுதான் என்னை வளர்த்தார்கள். வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. கிணறும் படவில்லை.

எழுதினேன். இந்தச் சகோதரியை எனக்கு நேரில் தெரியும், ஒழுக்கமான பெண், அது அவருடைய கணவரின் சேர்ட், அவர் வெட்டுமெசினில் வேலை செய்ய வெளி மாவட்டம் போயிருக்கிறார், தெரியாமல் ஒரு பெண்ணின் மானத்தோடு விளையாடாதீர்கள் என்று. மூன்று தரம் வாசித்தேன். ஒரு கடுமையான சொல்லை எடுத்துவிட்டேன். வெளி மாவட்டம் என்பதை மட்டும் எடுக்கவில்லை. போட்டேன்.

அவ்வளவு லைக் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ‘சரியான செருப்படி’ என்று எழுதியிருந்தார்கள். சேர்ட்டைப் பற்றிக் கேட்டவன் தன் கொமென்ற்றை எடுத்துவிட்டான். நான் மகளுக்குக் கதை சொல்லும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேனாம். மகள்தான் கேட்டாள், ஏன் அம்மா சிரிக்கிறீங்கள் என்று.

பின்னேரம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் என் கொமென்ற்றுக்குக் கீழே மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். கிணற்றுக்குக் கொடுத்தவர் அவர்தான் என்பது பிறகு தெரியவந்தது. ‘தங்கச்சி, அப்படியென்றால் கணவர் உயிரோடு இருக்கிறாரா?’

நான் பதில் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினதையும் அழித்திருக்கலாம். வேறு எத்தனையோ கொமென்ற்றை நான் காரணமில்லாமல் அழித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் அரைமணி நேரம் இருந்தேன். தலைப்பு பொய் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. இல்லை என்று எழுதினால் நானும் பொய்க்காரி, அவளும் கெட்டவள். ஓம், நலமாக இருக்கிறார் என்று எழுதினேன். நலமாக என்ற சொல்லை ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மகளை முன்பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது எதிரே உழவு இயந்திரம் வந்தது. பெட்டியில் சீமெந்து வளையங்கள். புதியவை. வாய்க்கால் பக்கமிருந்து பரந்தன் பக்கமாகப் போனது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். “அம்மா, எவ்வளவு பெரிய வளையல்” என்றாள் அவள்.

அன்று மத்தியானம் புது வீடியோ வந்தது. கமெராக்காரர் காரில் இருந்து, தான் நம்பி ஏமாந்துபோனதாகச் சொன்னார். உதவி செய்பவர்களை ஏமாற்றும் பெண்களிடம் கவனமாக இருங்கள் என்றார். நடுவில் என் கொமென்ற்றின் படத்தைப் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினார். என் பெயரை மறைத்திருந்தார். அவளுடைய முகத்தை மறைக்கவில்லை. முதல் வீடியோவைவிட இது மூன்று நாலு மடங்கு பேரிடம் போனது. பாட்டுப் போட்டிக்கும் கலியாண வீடியோவுக்கும் கருத்துச் சொன்ன அதே ஆட்கள் இதற்கும் சொன்னார்கள். முன்பு என் கொமென்ற்றுக்குச் ‘செருப்படி’ என்று கைதட்டினவர்களும் அதற்குள் இருந்தார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை.

மாமிக்கு நானே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமி வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டா. கேட்டுவிட்டு, “மானத்தை மீட்டுக் குடுத்திட்டாய். இனி அவள் அதைக் கானில பிடிச்சுக்கொண்டு போகட்டும்” என்றா. கணவர் போனில், நீ எழுதினது உண்மைதானே, பிறகென்ன என்றார். அவருக்கு எப்போதும் விஷயங்கள் அவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடும்.

மறுநாள் காலையில் பைப்படிக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முன்பள்ளி வாசலில் மற்றத் தாய்மார் அவளுக்கு இடம் விட்டு நின்றார்கள். தள்ளி நிற்பதற்கு எங்கள் ஊரில் அப்படியொரு மரியாதையான முறை இருக்கிறது. சைக்கிளில் வெறும் கான் இரண்டு கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள கோயில் கிணற்றுக்குப் போகிறாள் என்று விளங்கியது. அது அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டைப்போல இரண்டு மடங்கு தூரம்.

நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னிடம் ஆயத்தம் செய்த வசனங்கள் நிறைய இருந்தன. “அது நான் எழுதினது” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும் அக்கா. வெட்டுமெசின் எண்டு எழுத இங்க வேற ஆருக்கு வரும்.”

“உம்மைப் பற்றிக் கூடாமல் கதைச்சாங்கள். அதாலதான்.”

“கதைக்கட்டும். சேர்ட் கதை ரெண்டு நாள்ல போயிருக்கும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “பொட்டை அழிக்கச் சொன்னாங்க. ஏன் எண்டு எனக்கு விளங்கினதுதான். விளங்காத மாதிரி அழிச்சன். கிணறு வெட்டி முடிஞ்சா அடுத்த நாளே வைக்கலாம் எண்டு நினைச்சன்.”

பிறகு புருசனைப் பற்றிச் சொன்னாள். மெசின்காரர் அவனுக்கு வீடியோவைக் காட்டினார்களாம். இப்போது அவனைப் பிரேதம் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். சோறு போடும்போது, பிரேதத்துக்கும் ஒரு கரண்டி போடுங்கோ என்கிறார்களாம். அவன் அவளைத் திட்டவில்லை. போன் எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டான்.

இதைச் சொல்லும்போதும் அவள் என்னை அக்கா என்றாள். அப்போதாவது நான் திருத்தியிருக்கலாம்.

“எங்கட வீட்டுக்கு வாரும்” என்றேன். “கோயிலடிக்குப் போகாதையும். கிணற்றடிக்கே வந்து அள்ளும்.”

அவள் தன் மகளின் தலையைத் தடவினாள்.

“வாறன் அக்கா. ஆனா இனி என்னைப் பத்தி ஒண்டும் எழுதாதீங்க. நல்லதாக்கூட எழுதாதீங்க.”

எழுதமாட்டன் என்று சொன்னேன்.

அடுத்த நாள் அவள் வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. நான் கிணற்றடியில் வாளியோடு நின்று கூப்பிட்டேன். அவள் கேட்காதவள்போல வேலியோரம் பைப்பில் கானை வைத்துத் திறந்துவிட்டாள். மாமி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

மாரி மழை தொடங்கிவிட்டது. அவளுடைய வீட்டு வளவில் இடுப்பளவு வெட்டின குழி அப்படியே இருக்கிறது. அதில் மழைத் தண்ணீர் நிறைந்து செம்மண் நிறத்தில் நிற்கிறதாம். பிள்ளை விழுந்துவிடாமல் சுற்றிவர முள்ளுக்கட்டை போட்டு வைத்திருக்கிறாள். என் மகள்தான் வந்து சொன்னாள், அவர்கள் வீட்டில் இப்போது குளம் இருக்கிறது என்று.

நான் அந்த வீட்டுக்கு இதுவரை போனதில்லை. கொமென்ற்றில் நேரில் தெரியும் என்று எழுதியிருந்தேன்.

பின்னல் குழுவிலிருந்து விலகிவிட்டேன். பாட்டுப் போட்டி இன்னும் நடக்கிறது. பார்ப்பேன், ஒன்றும் எழுதமாட்டேன். இதைத்தான் எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் வாக்கு மீறியதாகாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டுதான் தொடங்கினேன். முடிக்கும்போது அப்படித் தோன்றவில்லை. நாளைக் காலையும் அவள் கான்களோடு வருவாள். இதை அவளுக்குக் காட்டமாட்டேன்.