நூலகத்தில் நான் அழித்த வரி

காலை பத்து இருபதுக்கு மிதுலா அந்த ஒப்பந்தத்தை வெளியிட்டாள். பிழையும் அதோடு வெளியே போனது. அதைச் செய்தது மிதுலா அல்ல. நான்... அவளைப் பெற்றவள்.

நான் களுவாஞ்சிக்குடியில் கணிதம் படிப்பிக்கிறேன். என் மகள் வீட்டிலிருந்தே ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் எழுதுகிறாள். ஆட்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நிரலாக்கிப் பொது வலையமைப்பில் விடுவதுதான் அது. விட்டபின் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. இதை மனத்தில் வைத்திருங்கள். என் குற்றத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது.

மண்டூர்ப் பக்கத்து வயல்வெளியான வட்டை ஒன்றின் விவசாயிகள் அவளிடம் வந்தார்கள். வயலுக்கு நீர் பாய்ச்சும் முறையை, அதாவது யாருக்கு எந்த நேரம் என்பதை, அவரவர் பெயரில் பதிய வேண்டும். தேவைப்பட்டால் போனிலேயே அடுத்த வயற்காரருக்கு மாற்றிக் கொடுக்கவும் வேண்டும்.

அவள் வேலை செய்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பலர் பலகாலம் சோதித்துச் செப்பனிட்ட நிரல் நூலகம் ஒன்றை எடுத்து அப்படியே அடித்தளமாக வைத்தாள். வட்டைக்குரிய விதிகளை மட்டும் தன் கோப்பில் தனியாக எழுதினாள். ஒவ்வொரு விதியும் தன் பங்கை முடித்துவிட்டு, மீதியை நூலகத்தின் மூலச் செயலிடமே ஒப்படைக்கும். அங்குள்ள காவல் ஒன்றுகூடத் தவறாது. எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது... என் பிள்ளை எனக்கு எட்டாத இடத்துக்குப் போகிறாளே!

அதனால்தான் ஒரு சிறு பகுதியை நானே எழுதக் கேட்டு வாங்கினேன். போன் பாவிக்கத் தெரியாத முதியவர்களின் முறையை, நீர் திறந்துவிடும் பொறுப்பிலுள்ள வட்டவிதானையார் மாற்றிக் கொடுக்க வழி செய்வது.

எப்படி எழுதினாலும் நூலகம் மறுத்தது. முறைக்கு உரியவரோ அவர் அனுமதித்தவரோ அல்லாத எவரையும் தடுக்கும் வரி ஒன்று அங்கே இருந்தது. நான் நூலகக் கோப்பையே திறந்து அந்த வரியை அழித்தேன். உடனே வேலை செய்தது! எவ்வளவு மகிழ்ந்தேன்...

வெளியிடுமுன் மிதுலா ஒன்றுதான் கேட்டாள்.

"லைப்ரரியில கை வைக்கல்லத்தானேம்மா?"

"இல்ல மகள்."

அவள் தன் கோப்பைப் பார்த்தாள், என் கோப்பைப் பார்த்தாள். நூலகத்தைப் பார்க்கவில்லை. தாயின் வாய்ச்சொல்லுக்குப் பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒப்பந்தம் வெளியான பிறகு, வட்டை விவசாயிகளில் ஒருவரான கணபதி அண்ணனின் முறையில் பக்கத்து வயற்காரர் ஒருவர் விளையாட்டாக அழுத்தியிருக்கிறார். அது அவர் பெயருக்கு வந்துவிட்டது. செய்தி பரவியதும் ஆளுக்காள் மற்றவர் முறையை எடுத்தார்கள். கதிர் விடும் நேரம். கணபதி அண்ணனின் மேட்டு வயலுக்கு நீர் ஏறவில்லை. கதிர்கள் பதராயின.

ஒப்பந்தத்தில் முன்பே வைத்திருந்த நிறுத்தும் வழியால் முறை மாற்றம் முழுவதையும் மிதுலா நிறுத்திவைத்தாள். பிறகு தேடினாள். அந்த வரி இல்லாத இடத்தைக் கண்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நூலகத்தை முன்பிருந்தபடியே வைத்தாள். அந்நியர் முறை மாற்ற வந்தால் மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனையை முதலில் எழுதினாள். அதன்பிறகே என் பகுதியைத் தொட்டாள். முதியவர்கள் ஒருமுறை மற்றவர் உதவியோடு வட்டவிதானையாருக்கு அனுமதி கொடுத்துவிட்டால் போதும். காவல் வரி அசையாமல் நிற்கும். அனுமதி கொடுக்கும் வழி நூலகத்திலேயே இருந்தது! வாயிலைத் தேடாமல் சுவரை இடித்திருக்கிறேன் நான்.

புதிய ஒப்பந்தத்தை வெளியிட்டுவிட்டு, வட்டைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"பிழை என்ட," என்றாள்.

நான் அவள் பக்கத்தில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. டீச்சர் என்ற பெயரைக் காப்பாற்றவா? அல்லது அவள் என்னைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்ததா? இன்றைக்கும் தெரியவில்லை... கூட்டம் முடிந்ததும் அவள் கணபதி அண்ணனின் வயலுக்குப் போய் வரம்பில் நின்று மன்னிப்புக் கேட்டாள். அதற்கு நான் போகவேயில்லை.

அறுவடை முடிந்து வட்டவிதானையார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை புது அரிசி. மிதுலா குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்கும்.

"புள்ளைய ஏசிப்போடாதீங்க டீச்சர்," என்றார் அவர். "சின்ன வயசுதானே. இனி எழுதக்குள்ள நீங்க ஒருக்காப் பாத்து விடுங்க."