அடுத்த அப்டேட்டில் வரும்

என் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அத்தானுக்கும் அப்படித்தான். இருவரும் கொள்ளேகாலில் இருக்கிறார்கள். நானும் அவளும் பேசுவது கையாலும் முகத்தாலும்தான். அதனால் எங்களுக்கு ஃபோன் என்றால் வீடியோ கால். படம் நின்றால் பேச்சும் நின்றது.

மைசூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு சந்துக்குள் சந்தில். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் வராது, எல்லாவற்றுக்கும் வை-ஃபைதான். கணவர் வேலை முடிந்து வந்ததும் கிரிக்கெட்டைப் போடுவார். மகள் ஆன்லைன் கோச்சிங்கில் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் அக்கா கூப்பிட்டால் அவள் விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்து ஒட்டும். ஏதோ கேட்டாள் என்று தெரியும், என்ன கேட்டாள் என்று தெரியாது.

அதற்காகத்தான் தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் புது ரவுட்டர் வாங்கினேன். வீட்டில் எந்த ஃபோனுக்கு முதலிடம் என்று நாமே சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அந்த ஃபீச்சர் அடுத்த அப்டேட்ல வருது மேடம், ஷ்யூர்" என்றார் கடைக்காரர். "பாக்ஸ்லயே போட்டிருக்காங்க பாருங்க."

போட்டிருந்தார்கள். ஆப்பிலும் அதற்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. சாம்பல் நிறத்தில், தொட்டால் நகராமல், பக்கத்தில் 'விரைவில்' என்ற சொல்லோடு. அப்டேட்டுகள் வந்தன. ஒன்றில் ஆப்பின் நிறம் மாறியது. இன்னொன்றில் ரவுட்டரின் விளக்கை மங்கலாக்கும் வசதி வந்தது. விளக்கு மங்கலாக இல்லையே என்று யார் அழுதார்கள்? ஒவ்வொரு முறையும் ஆசையோடு அந்த ஸ்விட்சைத் தொட்டுப் பார்ப்பேன். அது அசையாது.

"பிடு, வர்றப்ப வரும்" என்பார் கணவர், 'விடு' என்பதை மட்டும் கன்னடமாக்கி. அவருக்குக் கிரிக்கெட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை அக்காவுக்குத் திடீரென்று வயிற்றுவலி. அத்தான் அவளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டர் கன்னடத்தில் சொல்வதைக் கையசைவில் அவளுக்குச் சொல்ல யாருமில்லை. அத்தான் எனக்கு வீடியோ போட்டார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மகளின் ஃபோனையும் லேப்டாப்பையும் வை-ஃபையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

"அம்மா, எனக்கு டெஸ்ட் இருக்கு!"

"பெரியம்மாவுக்கு ஆபரேஷன்டி. எடு."

எடுத்தாள். படம் தெளிவாக வந்தது. ஒரு நர்ஸ் ஃபோனைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் கேட்டார், நான் கையால் சொன்னேன், அக்கா பதில் சொன்னாள். இதற்கு முன் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று டாக்டர் கேட்டார். அக்காவின் கை அவள் தொண்டைக்குப் போனது. அங்கேயே நின்றது.

நெட் என்று நினைத்தேன். மகளைத் திட்டினேன்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா! சும்னே என்னைத் திட்டாத. அங்க பாரு!" என்றாள், 'சும்மா'வை அப்பாவைப் போலவே கன்னடமாக்கி.

ரவுட்டரின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. ஆப்பைத் திறந்தேன். 'புதிய வசதிகள் நிறுவப்படுகின்றன. தயவுசெய்து அணைக்க வேண்டாம்.'

நான் கேட்கவில்லை. சரி என்று எதையும் அழுத்தவில்லை. அதுவாகத் தொடங்கிவிட்டது. சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிதாக இருந்தது பயம். தொண்டையில் கை வைத்தால் தாகம் என்றும் இருக்கலாம், பயமாக இருக்கிறது என்றும் இருக்கலாம். டாக்டர் என்ன புரிந்துகொண்டாரோ.

மொட்டைமாடிக்கு ஓடினேன். அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். கொடியில் காய்ந்த போர்வையின் நிழலில் நின்று மறுபடி அழைத்தேன். படம் வரவில்லை. நர்ஸின் குரல் மட்டும் வந்தது.

"அக்கா, படம் தெரியலீங்க. டாக்டரு அடுத்த பேஷன்ட்டப் பாக்கப் போயிட்டாருங்க."

"கையெழுத்து எதுவும் வாங்கிடாதீங்க. அவங்க ஏதோ முக்கியமா சொல்ல வந்தாங்க. தயவுசெஞ்சு டாக்டரைக் கூப்பிடுங்க."

"சரிங்க்கா, இருங்க, கூட்டியாறேன்."

டாக்டரோடு அவர் திரும்பி வந்தபோது படமும் வந்திருந்தது. ஃபோனைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் கேட்டேன். அக்கா சொன்னாள்: பல் பிடுங்கியபோது போட்ட ஊசியில் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியது. எனக்கே அது தெரியாது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். என்ன ஊசி என்று அந்தப் பல் டாக்டரிடமே கேட்டுவிடுவதாகவும் சொன்னார். "வயிறு முழுக்கக் கிழிப்பாங்களா?" என்று அக்கா கேட்டாள். சின்னச் சின்ன ஓட்டைகள்தான் என்று விரல்நுனியில் காட்டினேன். அப்போதுதான் அவள் தோள் இறங்கியது.

கீழே வந்தபோது வை-ஃபை திரும்பியிருந்தது. ரவுட்டர் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"முதலிடம் கொடுக்கிற ஃபீச்சர் ரிலீஸ் ஆகுது மேடம். ஆனா உங்க மாடலுக்கு வராது. அடுத்த மாடலுக்குத்தான்."

"அப்ப எதுக்கு அந்த ஸ்விட்சு?"

"அது ஆப்ல எல்லாருக்கும் காட்டும் மேடம்."

"சரி, இப்படித் தானா அப்டேட் ஆகறதையாவது நிறுத்துங்க."

"அந்த ஆப்ஷன் அடுத்த அப்டேட்ல வருது மேடம்."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

ஆபரேஷன் அன்று எதையும் நம்பவில்லை. விடிந்ததும் கொள்ளேகால் பஸ் ஏறினேன். தியேட்டர் வாசல் வரை உள்ளே விட்டார்கள். மாஸ்க் போடச் சொன்னார்கள். போட்டால் என் முகம் தெரியாது, பாதிப் பேச்சு போய்விடும் என்று விளக்கினேன். கதவு வரைக்கும் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார் மயக்க மருந்து டாக்டர். அவர் கேட்டதையெல்லாம் கையால் கேட்டேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஒரு விரல்கூட உடையாமல். கடைசியாக, அத்தான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, முதலில் அவருக்கு இட்லி வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.