நதியாவின் ட்ரிம்மர்

2006 மார்கழியில் ஒரு காலை, மண்ணரை பனியன் கம்பெனியில் அமராவதியின் ட்ரிம்மர் தொலைந்துபோயிற்று. நூல் வெட்டுகிற அந்தச் சின்னக் கத்தரி இல்லாமல் தையல்காரிக்குக் கை ஓடாது. சூப்பர்வைசர் லிங்கசாமியிடம் சொன்னால் நாள் முழுக்கத் திட்டுவார். பக்கத்து மிஷினிலிருந்த நதியா பேசாமல் தன் ட்ரிம்மரை அவள் மடியில் போட்டாள். இன்னொன்று இருக்கிறது என்று ஜாடை காட்டினாள். அமராவதியும் நம்பிவிட்டாள்.

நதியா தென்காசிப் பக்கத்துப் பெண். அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். மேற்பல் வரிசை துருத்திக்கொண்டு கீழ்ப்பல்லை முழுக்க மறைத்திருக்கும். கீழ்த்தாடை சிறுத்து உள்ளே போயிருந்ததால், பக்கவாட்டில் பார்த்தால் முகவாயே இல்லாததுபோல் தெரியும். உதடு சேராது. கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தி எப்போதும் புண். சிரிப்பு வந்தால் கை தானாக வாயைப் பொத்தும்.

"சின்ன வயசுல வந்திருந்தா தாடையையே முன்னால கொண்டாந்திருக்கலாம்மா. இனி கம்பியில பல்லுதான் நகரும். எதையும் வெடுக்குனு கடிக்காதே" என்றார் பல் டாக்டர்.

கம்பி போட்டுப் பத்து மாதத்தில் உதடு லேசாகச் சேர ஆரம்பித்தது. தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் வாய் மூடிவிட வேண்டும், முருகா என்று தினமும் கும்பிட்டாள்.

"ஏனுங்க நதியா, கம்பிவேலி போட்டாச்சு, காவலுக்கு நாய் வேண்டாமுங்களா?" என்று லிங்கசாமி சிரிப்பார். பொங்கல் வரைக்கும் ஷிப்மெண்ட் அவசரம். யாருக்கும் லீவு கிடையாது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் பெண் பார்க்க வந்தபோது நதியாவின் கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "கொஞ்சம் சைடுல திரும்பும்மா" என்றாள். திரும்பினாள். காபி ஆறும் முன்னே அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் அமராவதிதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கம்பியைப் பிடித்திருக்கப் பல்லில் ஒட்டியிருந்த பட்டன் ஒன்று பெயர்ந்து, கம்பி முனை கன்னத்துக்குள் ஏறியிருந்தது. அதில் சிக்கியிருந்ததை டாக்டர் இடுக்கியால் எடுத்துக் காட்டினார்: ஷிப்மெண்டுக்குத் தைத்த அதே நீல நூல்.

"இன்னொரு ட்ரிம்மர் இருக்குதுன்னியே கண்ணு!" என்றாள் அமராவதி.

நதியா அந்த நூலை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள்.

இனிச் செலவழிக்க முடியாது என்று அண்ணன் கம்பியைக் கழற்றச் சொல்லி, அவளை ஊருக்கு அனுப்பினான். பஸ் ஏறும்போது அமராவதி அழுதுகொண்டே ட்ரிம்மரை நீட்டினாள். நதியா ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, மறுகையால் அவள் விரல்களை மடக்கினாள்.

"நீங்களே வச்சிக்கிடுங்கக்கா. நான் இனி ஊருல பீடிதானே சுத்தப்போறேன், அதுக்கு இலை வெட்டப் பெரிய கத்தரி வேணும். நீங்க மட்டும் நூலப் பல்லால கடிச்சிராதீங்க."