கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மண்கூடு

திருவொற்றியூரில் என் வீட்டு வாசலை மறித்துக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். "சனியன்கள் எப்போதுதான் நகருமோ" என்று அவற்றைத் திட்டாமல் நான் காலைக் காபி குடித்ததில்லை.

போன மாதம் ஒரு லாரி மூன்று நாள் அசையவில்லை. அதன் பக்கக் கண்ணாடியின் பின்புறத்தில் ஒரு குளவி கூடு கட்டத் தொடங்கியது. தெருக்குழாயடிச் சேற்றை உருண்டையாகக் கவ்வி வந்து பூசும், மறுபடி பறக்கும். வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே நிற்பேன். மூன்றாம் நாள் கூட்டுக்குள் ஒரு பச்சைப் புழுவைத் திணித்தது. கூட்டின் வாயை அடைக்க அது மண் எடுக்கப் போன நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது.

வெட்கத்தை விட்டு டிரைவரிடம் ஓடினேன். "குளவி மண்ணெடுக்கப் போயிருக்குங்க, அஞ்சு நிமிஷம் இருங்களேன்."

"இன்னா சார் பேஜாரு பண்றே? மூணு நாளா குளிக்காம நின்னுகினு கீறேன். லைனை வுட்டா பின்னால கீறவன் பூந்துடுவான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. லாரி போய்விட்டது.

குளவி வந்தது. வாயில் மண்ணோடு, கண்ணாடி இருந்த உயரத்தில், வெறும் காற்றில் சுற்றிச் சுற்றித் தேடியது. அதற்குள் அடுத்த லாரி முன்னேறி அதே இடத்தில் நின்றது. குளவி அதன் கண்ணாடிக்குப் பின்னால் போய் மேலும் கீழும் நடந்து பார்த்தது. பிறகு, கொண்டுவந்த மண்ணை அங்கேயே பூச ஆரம்பித்தது.

அந்த லாரியின் இன்ஜினை இன்னும் அணைத்திருக்கவில்லை.